நாய் விற்ற காசு குரைக்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை, வயது 28, வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள். வேலையை விட்டுவிட்டு நாய்களை மட்டுமே படமெடுத்துப் பிழைக்க முடியுமா, அதற்கு எந்தக் கேமரா வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பிரியம் சோறு போடுமா? சோறு போட ஆரம்பித்த பிறகும் அது பிரியமாகவே இருக்குமா? கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "என் நாய்களே நான் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன." அதற்கு முடிவில் வருகிறேன்.

நான் சென்னையில் 11 ஆண்டுகளாக நாய்களைப் படமெடுக்கிறேன். அதற்கு முன்பு கல்யாணப் புகைப்படக்காரன். "முன்பு" என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. முதல் நான்கு ஆண்டுகள் நாய்ப் படம் எடுத்தவனுக்குக் கல்யாண ஆல்பம்தான் சோறு போட்டது. இன்றும் தை மாதத்து முகூர்த்த நாளில் யாராவது கூப்பிட்டால் போய்விடுவேன். நான் கால்நடை மருத்துவரோ நாய்ப் பயிற்சியாளரோ இல்லை. நாயின் குணம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் தரையில் குப்புறப் படுத்துக் கற்றவை, கடிபட்டுக் கற்றவையும் அதில் அடக்கம். பணம் பற்றிச் சொல்வது சென்னைக் கணக்கு. உங்கள் ஊருக்கு அதை அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒன்று. இந்தத் தொழிலில் உங்கள் வாடிக்கையாளர் நாய் இல்லை. நாய்க்குத் தன் படம் வேண்டாம். பணம் கொடுப்பவர் அதன் சொந்தக்காரர். அவருக்கு வேண்டியது உங்களுக்கு அழகாகத் தெரியும் நாய் இல்லை, அவருக்கு மட்டுமே தெரிந்த நாய். நாய்ப் பிரியத்தோடு இந்த வேலைக்கு வந்தவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் இங்கேதான் தடுக்கி விழுந்தார்கள். மனிதர்களோடு பேச அலுத்துப்போய் நாய்களிடம் வந்தவர்கள் அவர்கள். வந்து பார்த்தால் நாளில் பாதி நேரம் மனிதர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். அண்ணா நகரில் ஒரு வயதான தம்பதி, அவர்களுடைய லாப்ரடாருக்கு 13 வயது. மண்ணீரலில் கட்டி, இன்னும் சில வாரங்கள்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன்: கிழக்கு ஜன்னல், ஏழு மணி வெயில், பழுப்பு நிறத் துணி, நாய் நின்றபடி ஒரு படம், அம்மாவும் ஐயாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு படம். நாய் எழுந்திருக்கவே இல்லை. வேகவைத்த கோழி ஈரலைக் காட்டினேன், மோந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து ஐயா அலுப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டார். நாய் தரையிலேயே ஊர்ந்து வந்து, அந்தச் செருப்பின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. "தினமும் சாயங்காலம் இப்படித்தான் தம்பி" என்றார் அவர். அந்த ஒரு படத்தைத்தான் அவர்கள் பெரிதாக அச்சிட்டு மாட்டினார்கள். அதில் நாயின் முகம் பாதிதான் தெரியும். செருப்பின் வார் ஒரு பக்கம் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கும். போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

செல்லப் பிராணியைப் படமாக்கி வைப்பது பணக்காரர்களின் புது மோகம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் அது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்தவனுக்கு எடுத்த கல்லில், அவனோடு நின்ற நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்த செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். செதுக்கியவன் பெயர் நமக்குத் தெரியாது. நாயின் பெயர் தெரியும். கூலியைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் நாள்களில் நான் அந்தச் சிற்பியை நினைத்துக்கொள்வேன்.

இனி நாய்க்கு வருகிறேன். லென்ஸ் என்பது நாயின் பார்வையில் இமைக்காத ஒரு பெரிய கண். நாய் உலகில் இமைக்காமல் நேராக முறைப்பது சண்டைக்கு அழைப்பது. முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் வந்து, முகத்தை ஒரு கறுப்புப் பெட்டியால் மறைத்துக்கொண்டு, அந்தக் கண்ணை நீட்டினால் நாய் என்ன செய்யும்? கொட்டாவி விடும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பும், நனையாமலே உடம்பை உதறும். புதியவர்கள் இதை "தூக்கம் வருகிறது", "பசிக்கிறது", "வெட்கப்படுகிறது" என்று படிப்பார்கள். "எனக்கு இது பிடிக்கவில்லை, கொஞ்சம் விலகு" என்பதுதான் பொருள். விழியின் வெள்ளை பிறை போலத் தெரிந்து, வாய் சட்டென மூடி, உடம்பு விறைத்தால் அது கடைசி எச்சரிக்கை; அதற்குப் பிறகும் ஷட்டரை அழுத்துபவன் கடிபடத் தகுந்தவன். நான் எந்த வீட்டிலும் முதல் இருபது நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வேன், நாயைப் பார்க்க மாட்டேன், காபி குடிப்பேன். அது வந்து மோந்து பார்க்கும். பிறகு கேமராவைத் தரையில் வைப்பேன், அதையும் மோந்து பார்க்கும். இந்த இருபது நிமிடத்தைக் காத்திருப்பு என்று நினைக்கும் சொந்தக்காரர்களுக்கு, வேலை அப்போதே ஆரம்பித்துவிட்டது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கடிபட்டுக் கற்றவையும் உண்டு என்றேன். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தோப்பு. அந்த ஊர்ப் பெயரே கொண்ட இனம், பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, கம்பீரமான ஆண் நாய். கீச்சுப் பொம்மையை அழுத்தினேன், விசில் அடித்தேன், பூனை போலக் கத்தினேன். நாய் வேடம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள்; குரைத்தும் பார்த்தேன். காது கொஞ்சம்கூட அசையவில்லை. திமிர் பிடித்த நாய் என்று நினைத்துக்கொண்டு, பின்னால் போய் முதுகில் கை வைத்து நிலையைச் சரிசெய்யப் பார்த்தேன். திரும்பிய வேகத்தில் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. தோப்புக்காரர் ஓடி வந்து, "அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது தம்பி, சொல்ல மறந்துவிட்டேன்" என்றார். தூய வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு, ராஜபாளையம் இனத்திலும் அது தெரிந்த விஷயம்தான். கேட்காமல் விட்டது என் தவறு. இன்று எந்த வெள்ளை நாயையும் பார்க்கும் முன் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். காது கேட்காத நாய்க்குக் காலால் தரையைத் தட்டினால் போதும், அதிர்வை உணர்ந்து திரும்பும். அல்லது தூரத்தில் ஒரு துண்டை ஆட்டலாம்.

அன்று செய்த ஒரே சரியான காரியம், பம்புசெட்டுக்கு ஓடிப்போய்ச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியது. பிறகு மருத்துவமனை. நீங்கள் இந்த வேலைக்கு வருவதென்றால் லென்ஸ் வாங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டிப் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியை முடித்துவிடுங்கள். போட்டுக்கொண்டவர்களும் கடிபட்டால் கழுவ வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும், கூடுதல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான் என்ற நோயோடு யாரும் துணிச்சல் காட்டக் கூடாது.

படம் எடுக்கும் நுட்பத்தில் ஒரே ஒரு விதியைத்தான் கட்டாயம் என்பேன்: கேமரா நாயின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பெரிய தலை, குட்டிக் கால், எஜமானைப் பார்க்கும் கெஞ்சல் பார்வை. எல்லோர் கைப்பேசியிலும் ஆயிரம் அப்படி இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள். ஒரு பக்கம் கால்கள் மட்டுமே தெரியும் ஒரு ராட்சத நாய். மறுபக்கம் தொப்பி போட்ட குட்டிச் சிவாவா, அதற்கு மட்டும் முகம் தெரியும். கேமரா அந்தக் குட்டியின் உயரத்தில் இருப்பதால்தான் அந்தப் படமே இருக்கிறது. ஆகவே முட்டிக்கும் முழங்கைக்கும் பஞ்சுறை வாங்குங்கள். பெசன்ட் நகர் மணலில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் அதன் அருமை தெரியும்.

மற்றவை எல்லாம் நாயைப் பொறுத்து மாறும். கேமராவின் ஒளிமானி உலகம் சராசரிச் சாம்பல் நிறம் என்று நம்பும் கருவி. வெள்ளை ராஜபாளையத்தை அது சாம்பலாக்கும், கறுப்பு லாப்ரடாரையும் சாம்பலாக்கும். வெள்ளைக்கு ஒளியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். புதியவர்களுக்கு இது தலைகீழாகப் படும். வெள்ளை நாயை உச்சி வெயிலில் எடுத்தால் முதுகு மயிர் வெறும் காகிதமாகிவிடும், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கறுப்பு நாய்க்கு நிழலின் ஓரம், திறந்த வானத்தைப் பார்த்த முகம், கண்ணில் ஒரு துளி வெளிச்சம் வேண்டும். அந்தத் துளி இல்லையென்றால் படத்தில் நாய் இருக்காது, நாய் வடிவில் ஒரு ஓட்டை இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு மூஞ்சி நீளம். பின்னணியை வெண்ணெய் போலக் கரைக்கும் ஆசையில் லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து வைத்தால், கண் கூர்மையாகவும் மூக்கு பஞ்சாகவும் வரும். துளையைச் சுருக்கி எஃப் 4 அல்லது 5.6-க்குப் போங்கள். ஓடும் நாய்க்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும். இந்த வேட்டை நாய்கள் முழு வேகம் பிடித்தால் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் பாதுகாப்பு. கறுப்பு முகமூடி போட்டாற்போன்ற கோம்பை இன நாயில் கண் எங்கே, முகம் எங்கே என்று கேமராவும் குழம்பும். விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி 2019-ஐ ஒட்டி மிரர்லெஸ் எனப்படும் கண்ணாடியற்ற கேமராக்களில் வர ஆரம்பித்தது. என் வேலை பாதியாகக் குறைந்தது அதனால்தான். நீங்கள் கேட்ட கேமராக் கேள்விக்கு இதுதான் பதில். அந்த வசதி உள்ள பழைய கேமரா ஒன்று, பிறர் பயன்படுத்தி விற்கும் ஒரு 85 மில்லிமீட்டர் லென்ஸ். கொஞ்சம் சம்பாதித்த பிறகு 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். மீதிப் பணத்தை வங்கியில் வையுங்கள்.

பொம்மை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நாய்களின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கலாகத் தெரியும். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு "என் நாய்க்குப் பந்து பிடிக்காது" என்பவர்களை வாரம் ஒருவராகப் பார்க்கிறேன். கீச்சுச் சத்தம் மூன்று முறைதான் வேலை செய்யும், நான்காவதில் நாய்க்கு அலுத்துவிடும். ஆகவே எல்லாம் தயாரான பிறகு அழுத்துங்கள். கயிற்றை ஒருபோதும் அவிழ்க்கச் சொல்லாதீர்கள். கயிற்றோடு எடுத்துவிட்டு, நாயை நகர்த்தி அதே இடத்தில் வெறும் பின்னணியை ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு கணினியில் கயிற்றை அழித்துவிடலாம். திறந்த வெளியில் அவிழ்த்துவிட்ட நாய் ஒரு வெடிச் சத்தத்துக்கு ஓடினால், அந்தக் குடும்பம் உங்களை ஆயுளுக்கும் மன்னிக்காது.

ஃபிளாஷ் நாயின் கண்ணைக் கெடுக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண ஃபிளாஷால் வளர்ந்த நாயின் பார்வை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மிரளும், அது உறுதி. நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருப்பதால் நேராக அடித்த வெளிச்சம் பச்சையாகவோ மஞ்சளாகவோ திரும்பி வந்து படத்தைக் கெடுக்கும், அதுவும் உறுதி. பிறந்த குட்டிகள் பத்து முதல் பதினான்கு நாளில்தான் கண் திறக்கும். அவற்றின் மேல் நான் ஃபிளாஷ் அடிப்பதில்லை. இதற்கு அறிவியல் ஆதாரம் கேட்டால் என்னிடம் கிடையாது. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்தத் தொழிலின் உண்மையான முதலாளி வெயில். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான் கொஞ்சம். மற்றபடி இரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். கோடையில் ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் மூட்டை கட்டிவிடுவேன். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடக்கவிடக் கூடாது. நாக்கு அகலமாகத் தொங்கும் "சிரிக்கும் நாய்" படம் மக்களுக்கு மிகவும் பிடிக்கும். அது சிரிப்பா, உடம்பு கொதிக்கும் அறிகுறியா என்று பார்க்கத் தெரியாதவரிடம் நாயை ஒப்படைக்கக் கூடாது. கோடை போனால் சென்னையில் வடகிழக்கு மழை. தீபாவளி வெடியை ஒட்டிய இரண்டு வாரம் பல நாய்கள் கட்டிலுக்கு அடியிலிருந்தே வராது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதைதான்: ஒளி இருக்கும் நாளில் நாய் இருக்காது, நாய் இருக்கும் நாளில் ஒளி இருக்காது. கூட்டிக் கழித்தால் ஆண்டில் ஆறு, ஏழு மாதம்தான் முழு வேலை.

இதை வைத்துப் பணத்தைக் கணக்குப் போடுங்கள். என் முதல் கட்டணம் 1,500 ரூபாய். இன்று ஒரு காலை நேரத்துக்கு 9,000 வாங்குகிறேன், 20 படங்கள் தருகிறேன். ஒன்றரை மணி நேர வேலைக்கு ஒன்பதாயிரமா என்பார்கள். 800 சொச்சம் படங்களிலிருந்து 20 பொறுக்க இரண்டு மணி நேரம், படத்தில் வழியும் எச்சிலைத் துடைத்துக் கயிற்றை அழித்து நிறத்தைச் சரிசெய்ய ஆறு மணி நேரம், போக வரப் பயணம், முன்கூட்டி ஒரு பேச்சு. நல்ல மாதத்தில் ஐந்து குடும்பம் வரும், மோசமான மாதத்தில் ஒன்றும் இராது. நாய்க் கண்காட்சிகள் தனி உலகம். மே மாதம் ஊட்டியில் நடப்பது பேர் பெற்றது. அங்கே நாயை இனத் தரத்துக்கு ஏற்ப நிறுத்தி, பக்கவாட்டில், முதுகுக் கோடு சாயாமல் எடுக்க வேண்டும். கலைக்கு அங்கே இடமில்லை, முன்னங்கால் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் நாயை நடத்துபவர் படத்தைத் திருப்பித் தந்துவிடுவார். பிராணி உணவு நிறுவனங்களின் விளம்பரத்தில் காசு அதிகம், ஆனால் வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு நிலையாக வந்தது அச்சு வருமானம்தான். கோப்புகளை மட்டும் வாங்கிப் போனவர்கள் அதைக் கைப்பேசியோடு தொலைத்தார்கள். சட்டம் போட்ட ஒரு பெரிய படம் வாங்கிய வீட்டுக்கு வந்தவர்கள்தான் அடுத்த வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

சட்டத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு பிராணிக் கடை, நான் எடுத்த படத்தை வாடிக்கையாளரின் சமூக வலைதளப் பக்கத்திலிருந்து எடுத்து வாசலில் பேனராகக் கட்டியிருந்தது. கொதித்துப்போய் வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அதாவது வழக்குப் போட வேண்டியவர் நாயின் சொந்தக்காரர், நான் இல்லை. என் வலைதளப் பக்கத்தில் நான் அந்தப் படத்தைப் போட்டிருந்ததற்கே அவருடைய தயவு வேண்டும். அன்று முதல் ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் கேமராவைத் திறப்பதில்லை. நீங்கள் எழுத்தில் வாங்க வேண்டியவை: படத்தின் உரிமை யாருடையது, எங்கே பயன்படுத்தலாம், நாய் ஏதாவது உடைத்தாலோ கடித்தாலோ பொறுப்பு யாருடையது, தடுப்பூசி போட்டிருக்கிறதா. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. அந்தக் கவலை எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி, பிரியம் என்ன ஆகும் என்பது. நாய் விற்ற காசு குரைக்குமா என்பது பழமொழி. குரைக்கும் என்பது என் அனுபவம். குட்டி விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், கையில் காசோடு, மாதா மாதம் வேலையோடு. அவர்களில் மிக நல்லவர்கள் இருக்கிறார்கள்; நம் நாட்டு இனங்கள் பிழைத்துக் கிடப்பதில் அப்படிப்பட்ட சிலருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு முறை புறநகரில் ஒரு கொட்டகைக்குப் போனேன். எட்டுக் குட்டிகளைக் குளிப்பாட்டி, பூக்கூடையில் வைத்து என் முன் நீட்டினார்கள். பின்னால் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் தாய் நாய், எழுந்து நின்றால் தலை இடிக்கும் கூண்டில், முலை புண்ணாகிக் கிடந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. குட்டிகளுக்கு ஐந்து வாரம்கூட இராது. நான் படம் எடுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. வாடகை கட்ட வேண்டிய மாதம். பூக்கூடைப் படங்கள் மிக அழகாக வந்தன, எட்டும் விற்றுவிட்டதாக நன்றி சொல்லிச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் தாயைப் பார்க்காமல் குட்டியை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதனால் போன வருமானம் கொஞ்சநஞ்சமில்லை. நாய்ப் பிரியம் உங்களுக்கு உதவுவதைவிட, இப்படி குறுக்கே வந்து நிற்கும் நாள்கள் அதிகம். அதற்குத் தயாரா என்று வேலையை விடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. 1959 முதல் இயங்கும் சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில், தத்துக் கொடுக்க வேண்டிய நாய்களுக்கு நல்ல படம் எடுத்துத் தர ஆள் எப்போதும் தேவை. கூலி இராது. கம்பிக்குப் பின்னால் பயந்து ஒடுங்கிய படத்துக்குப் பதில், வெளியே மரத்தடியில் காதை உயர்த்திப் பார்க்கும் படம் போட்டால் கேட்டு வருபவர்கள் கூடுகிறார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். கறுப்பு நாயை யாரும் தத்தெடுப்பதில்லை, படம்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. காப்பகக்காரர்கள் பலர் அதை நம்புகிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே அதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆண்டு அங்கே வாரம் ஒரு நாள் உழைத்தால், எந்த வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி கிடைக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். பயந்த நாய், கிழ நாய், மூன்று கால் நாய், கண்ணே தெரியாத நாய், எல்லாம் ஒரே காலையில்.

ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள். ஓர் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பங்களுக்கு, சலுகை விலையிலாவது, காசு வாங்கி எடுங்கள். இலவசமாக எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், குறை சொல்லாவிட்டால் நீங்கள் கற்க மாட்டீர்கள். பத்தில் நான்கு பேர் கேட்காமலே இன்னொருவரை அனுப்பிவைத்தால், எட்டு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு அடுத்ததை யோசிக்கலாம். நான்கு என்பது என் கைக்கணக்கு, வேதவாக்கு இல்லை.

கடைசியாக, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உங்கள் இரண்டு நாய்கள். அவற்றுக்கு உங்களைப் பிடிக்கும், அந்தப் பெட்டிக்குப் பின்னால் போன உங்களைப் பிடிக்கவில்லை. நாளை முதல் ஒரு வாரம் படமே எடுக்காதீர்கள். கேமராவை மூடி போட்டு, அவை சாப்பிடும் இடத்துக்கு இரண்டடி தள்ளித் தரையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு துண்டு கறி. இரண்டாவது வாரம், கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கறி கொடுங்கள். மூன்றாவது வாரம் முகத்துக்குத் தூக்கி, இறக்கி, கறி. ஷட்டர் சத்தம் நான்காவது வாரம்தான், அதுவும் வேறு பக்கம் பார்த்தபடி. அதற்குள் இரண்டில் எது முதலில் வருகிறது, எது உங்கள் முழங்கையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.